டிலானியின் கலியாணத்துக்கு எடுத்த சேர்வர்

மகன்,

காலையில் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருக்கும்போது உன் செய்தி வந்தது. கை முழுக்க மா, போன் அலுமாரிக்கு மேலே. அப்பாவைத்தான் வாசிக்கச் சொன்னேன். “அம்மா, நாங்களும் ஒரு சேர்வர் எடுக்கப் போறம். எது நல்லதெண்டு உங்களுக்குத்தான் தெரியும். கெதியாச் சொல்லுங்கோ” என்று அவர் வாசித்து முடிக்கும் முன்னமே மாக்கையோடு போனைப் பறித்துவிட்டேன். உங்களுக்குத்தான் தெரியும்! ஊரில் இருந்தபோது எந்தச் சட்டை போடுவது என்றுகூட நீ என்னிடம் கேட்டதில்லை. இப்போது சுவிசில் இருந்துகொண்டு, கொம்பியூட்டர் படித்த கூட்டாளிகள் இரண்டு பேரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தோட்டவெளியில் வீடியோக் கடை நடத்தும் அம்மாவிடம் கேட்கிறாய். “அதுக்கேன் துள்ளுறீர்? ரெண்டு வரியிலை பதிலைப் போட்டுவிடும்” என்றார் அப்பா. இரண்டு வரியில் எப்படி முடியும்? தங்கச்சியின் கலியாணம் முடிந்து பந்தல்காரர் தடி கழற்றிக்கொண்டு போனதிலிருந்து இந்தக் கதையை யாருக்காவது சொல்ல வேண்டும் என்று எனக்கு வாய் ஊறிக்கொண்டிருக்கிறது. நீ பார்த்தது படத்தை மட்டும்தான். அந்தப் படம் உன்னிடம் வந்து சேர்ந்த கதை உனக்குத் தெரியாது.

முதலில், நீங்கள் பார்த்து வைத்திருக்கும் அந்த மலிவான ஒன்றை விட்டுவிடு. உன் கூட்டாளிகளின் ஊரான வெள்ளாங்குளத்தில் நடக்கும் கலியாணங்களையும் திருநாட்களையும் வெளிநாட்டில் இருக்கும் அந்த ஊர்ச் சனத்துக்கு நேரடியாகக் காட்டப் போகிறோம் என்கிறாய். அதற்கு, இடத்துக்கும் அளவில்லை, டேட்டாவுக்கும் அளவில்லை என்று விளம்பரம் போட்டவனிடம் போகலாமா என்று கேட்கிறாய். அளவில்லை என்று ஒருவன் எழுதினால், அளவைச் சொல்ல அவனுக்கு மனமில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். அந்த வகையில் ஒரே மெசினில் எத்தனையோ பேருடைய இணையத்தளங்களை ஏற்றி வைத்திருப்பார்கள். தமிழ்நாட்டு அகதி முகாமில் எங்கள் வரிசைக்கு ஒரே குழாய் இருந்ததே, அதே சங்கதிதான். முன்வீட்டு அக்கா போர்வை தோய்க்கத் தொடங்கினால் எங்கள் குடத்துக்கு நூல் போலத்தான் தண்ணீர் வரும். எங்கள் கடையின் தளமும் முதலில் அப்படித்தான் இருந்தது. அதே மெசினில் யாரோ சினிமாச் செய்தி போடும் தளம் ஒன்றும் இருந்ததாம். அங்கே புதுப்படம் வந்தால் இங்கே எங்கள் கலியாண அல்பம் ஒன்றும் திறக்காது. கனடாவில் இருந்து ஒரு பிள்ளை எடுத்து, “அக்கா, என்ரை படத்தை மாமிக்குக் காட்டுவமெண்டால் வட்டம்தான் சுத்துது” என்று அழாத குறை. நாங்கள் ஒரு பிழையும் செய்யவில்லை, ஆனால் பேச்சு மட்டும் எங்களுக்கு.

படங்களை மட்டும் வைத்திருக்கும் வரை அதைச் சமாளித்தோம். பிறகு டிலானிக்கு நானாட்டான் ஊர் மாப்பிள்ளை சரிவந்தது. நல்ல பெடியன், வயலும் உழவு மெசினும், சிரித்த முகம், எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. குறை எல்லாம் உன்னால்தான். உன்ரை அகதிக் கேஸ் முடியும் வரை நீ அந்த நாட்டைவிட்டு அசைய முடியாது. இவளோ ஒற்றைக் காலில் நின்றாள். “அண்ணா பாக்கேலாட்டி எனக்குக் கலியாணம் வேண்டாம். கேஸ் முடிஞ்சு வரட்டும், பிறகு வைப்பம்” என்றாள். கேஸ் எப்போது முடியும் என்று நீதவானுக்கே தெரியாது. மாப்பிள்ளை வீட்டார் அறுவடைக்குப் பிறகு ஒரு நாள்கூடப் பொறுக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு பக்கமும் இழுபட்டு நான் நடுவில் நின்றேன். அப்போதுதான், “நேரடியாக் காட்டுறன். அவன் பக்கத்திலை நிக்கிற மாதிரிக் காட்டுறன். போதுமே?” என்று வாயை விட்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “நடுவிலை நிண்டால்?” என்றாள். “நிக்காது” என்றேன். எப்படி நிற்காமல் வைப்பது என்று அந்த நேரம் எனக்குச் சத்தியமாகத் தெரியாது, மகன்.

அப்படித்தான் டெடிகேட்டட் சேர்வர் தேடத் தொடங்கினேன். வேறு யாரும் பங்குக்கு வராமல், எங்கேயோ ஒரு கட்டடத்தில் ஒரு முழு மெசின், எங்களுக்கு மட்டும். “ஒரு நாள் கலியாணத்துக்கு முழு மெசினே? உமக்கென்ன விசரே?” என்றார் அப்பா. நான் கேட்டால்தானே! சொல்லமுடியாத சந்தோசம் எனக்கு. முகாமிலிருந்து திரும்பி வந்து இந்தக் காணியைத் துப்புரவாக்கி வேலி போட்ட அன்றைக்கு இருந்தது போலவே இருந்தது. ஆனால் எந்த நாட்டில் எடுப்பது? சிங்கப்பூர் என்கிறான் ஒருவன், அமெரிக்கா என்கிறான் இன்னொருவன். நான் ஒரே யோசனையில் பாரிஸ் என்று முடிவு கட்டினேன். ஏன் என்று கேள். சித்தப்பா அங்கே இருக்கிறார். ஏதும் நடந்தால் எட்டிப் பார்க்க எங்கள் ஆள் ஒருவர் வேண்டாமா? நீ சிரிப்பாய். ஆனால் எத்தனை தரம் வீட்டை விட்டு ஓடினோம், ஒவ்வொரு தரமும் “இடைக்கிடை எட்டிப் பாருங்கோ” என்று யாரிடமாவது சொல்லாமல் படலையைச் சாத்தினோமா? எட்டிப் பார்க்க ஆளில்லாத எதுவும் எங்களுக்குத் திரும்பிக் கிடைத்ததில்லை. அந்தப் புத்தியோடுதான் நான் சேர்வரும் எடுத்தேன். சித்தப்பாவுக்கும் பெருமை. “நான் பாத்துக்கொள்ளுறன் அண்ணி, நீங்கள் யோசியாதேங்கோ” என்றார்.

கலியாணத்துக்கு முன் எங்கள் கோயில் கொடியேற்றம் வந்தது. பங்குத்தந்தையிடம் கேட்டு, அதை ஒத்திகையாகக் காட்டினோம். பாட்டுத் தொடங்கியது, கொடி கயிற்றில் ஏறத் தொடங்கியது, உலகம் முழுக்க இருந்து எங்கள் சனம் வந்து குவிந்தது. கொடி பாதி மரத்துக்கு வந்ததும் படம் நின்றுவிட்டது. கொடி அங்கேயே நிற்கிறது, பாதர் கையை உயர்த்தினபடி நிற்கிறார், அசைவில்லை. சித்தப்பாவுக்கு எடுத்து, “ஓடிப்போய்ப் பாருங்கோ, மெசினுக்கு என்னவோ நடந்திட்டுது” என்று கத்தினேன். அந்த மனிசன் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு ரயில் ஏறிவிட்டார். வெறுங்கையோடு போகக்கூடாது என்று சித்தி மீன் கட்லட் பொரித்துக் கொடுத்துவிட்டிருக்கிறா, மெசின் பார்க்கும் பெடியளுக்குக் கொடுக்கவாம்!

அவர் அங்கே போய்ச் சேர்ந்து எனக்கு எடுத்தபோது இங்கே கொடியேற்றம் முடிந்து சனம் வீட்டுக்குப் போய்விட்டது. “அண்ணி, பெரிய கட்டடம். பேர்ப்பலகையும் இல்லை, சன்னலும் இல்லை. வாசலிலை ஒருத்தன் நிக்கிறான், உள்ளுக்கு விடமாட்டானாம்” என்றார். “எங்கடை மெசின் உள்ளுக்கு இருக்குதெண்டு சொல்லுங்கோ” என்றேன். “சொன்னனான். உங்கடை மெசின் எதெண்டு தனக்கும் தெரியாதாம்.” “கட்லட்டைக் குடுத்துப் பாருங்கோ.” “குடுத்தனான். சாப்பிட்டான், நல்லாயிருக்காம். விடமாட்டானாம்.” அழுவதா சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் சித்தப்பாவின் மகள் எடுத்து, “பெரியம்மா, நிப்பாட்டித் திருப்பி ஓட வைக்கிற பொத்தான் உங்கடை பக்கத்திலையே இருக்குது. வீட்டிலை இருந்தே அமத்தலாம்” என்று காட்டித் தந்தது. அழுத்தினேன், ஓடியது. ஆனால் அது மருந்தில்லை என்று பிறகுதான் விளங்கியது. டிலானி தைக்கக் கொடுப்பதற்காக எடுத்து வைத்திருந்த கலியாணச் சட்டைத் துணியைத் திரும்ப அலுமாரியில் வைத்துப் பூட்டினாள்.

நடந்தது என்னவென்றால், மெசின் பெரியது, வாசல் சின்னது. நான் விளம்பரத்தில் மூளை எவ்வளவு, நினைவு எவ்வளவு என்று பார்த்தேனே தவிர, மெசினிலிருந்து வெளியே போகும் லைன் எவ்வளவு அகலம் என்று பார்க்கவில்லை. மாளிகை கட்டி ஒற்றைப் படலை போட்டால் ஊர்வலம் எப்படி வெளியே வரும்? வீடியோ அனுப்புகிறவனுக்கு அந்த லைன்தான் உயிர். நீ எடுக்கும்போது முதல் கேள்வி அதாக இருக்கட்டும், எவ்வளவு அகலம், அது எனக்கு மட்டுமா, மாதத்தில் எவ்வளவு அனுப்பலாம், அதைத் தாண்டினால் லைனை இறுக்குவார்களா என்று எழுத்தில் கேள். கேட்க வெட்கப்படாதே. நான் அந்தக் கிழமை முழுக்கக் கேட்டேன்! அந்த மெசினை விட்டுவிட்டு, புதிதாக ஒன்று எடுப்பதற்கு முன்னமே ஒவ்வொரு கம்பெனிக்கும் போன் போட்டேன், அதுவும் கலியாணம் நடக்கப்போகும் அதே காலை நேரத்தில். எங்களுக்குப் பூசை நேரம் என்றால் அங்கே இன்னும் விடிந்திருக்காது. அந்த நேரத்தில் யார் போன் தூக்குகிறான் என்று பார்க்க வேண்டும். சில இடத்தில் பாட்டு மட்டும் போனது. ஓரிடத்தில், மெயில் போடுங்கள் என்று பதிவுக் குரல் சொன்னது. ஒரே ஒரு இடத்தில் தூக்கக் குரலில் ஒரு பெண் எடுத்தாள். முகாமில் படித்த என் இங்கிலீசைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஒரே நேரத்தில் எத்தனை பேர் பார்ப்பார்கள்?” என்று கேட்டாள். மற்றவன் எவனும் அதைக் கேட்கவில்லை.

அதற்குப் பதில் சொல்ல நானும் அப்பாவும் டிலானியும் இருந்து கணக்குப் பார்த்த அழகை நீ பார்த்திருக்க வேண்டும். வெளிநாட்டுச் சொந்தத்தை வீடு வீடாக எண்ணினோம். பாரிசிலும் லண்டனிலும் ஒரு வீட்டில் நாலு பேர் என்றால் நாலு போன், ஒவ்வொருவரும் தன் அறையில் படுத்தபடி தனித்தனியாகப் பார்ப்பார்கள். தமிழ்நாட்டு முகாமில் மிச்சம் இருக்கும் எங்கள் சனமோ, ஒரு கொம்பியூட்டரை முற்றத்தில் வைத்து ஒரு வரிசையே பார்க்கும். “அப்ப முகாம் முழுக்க ஒரு ஆள், பாரிஸ் சித்தப்பா வீடு நாலு ஆள்” என்று அப்பா தலையில் கைவைத்தார். டிலானி அப்போதுதான் முதல் தரம் சிரித்தாள். அந்தக் கணக்கில் இன்னொன்றும் விளங்கியது. பார்ப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் ஐரோப்பாவில். ஆகவே மெசினும் ஐரோப்பாவில் இருப்பதுதான் சரி. சித்தப்பா அங்கே இருப்பதற்காக அல்ல, சனம் அங்கே இருப்பதற்காக! நீங்களும் அப்படியே உங்கள் சனம் எங்கே என்று எண்ணிவிட்டு இடத்தைத் தெரிவு செய்யுங்கள். முகாமின் லைன் மெதுவானது என்பதால் அவர்களுக்குச் சின்னப் படமாக இன்னொரு ஓட்டமும் போட்டோம். அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நான் கேட்ட பெரிய மெசின் தேவையில்லை, இடைத்தரமான மெசினும் அகன்ற லைனும் போதும் என்றாள். அந்த வார்த்தைக்காகவே அவளிடம் எடுத்தேன்.

வேறு சில விசயங்களையும் மறக்க முன் எழுதிவிடுகிறேன். மெசினை நீங்களே பராமரிப்பீர்களா, கம்பெனி பராமரிக்குமா என்று முதலே பேசுங்கள். கூட்டாளிகள் கெட்டிக்காரர்தான், ஆனால் எல்லாருக்கும் வேலைக்குப் போகும் நாள் இருக்கிறது. ஒரு வருசத்துக்கு எழுதிக் கொடுத்துவிடாதே, மாதம் மாதமாக எடு. கொஞ்ச நாளைக்கு என்று போன முகாமில்தான் நீ பிறந்து, படித்து, மீசையும் முளைத்தது, அதனால் தவணை பேசுகிறவர்களிடம் எனக்கு எப்போதும் ஒரு கண். எடுத்த வீடியோவின் பிரதி ஒன்று வேறு இடத்தில் இருக்க வேண்டும், மெசின் பழுதானால் கலியாணம் திரும்ப நடக்காது. எல்லாவற்றுக்கும் மேலே, சேர்வர் எவ்வளவு திறமாக இருந்தாலும் ஊரில் இருந்து அதுவரை படத்தை ஏற்றுவது உங்கள் பாடு. நாங்கள் இரண்டு கம்பெனியின் இன்ரநெற் டொங்கிள் வைத்திருந்தோம், ஒன்று படுத்தால் மற்றது. கறண்டை நம்பாமல் ஜெனரேற்றரும் கோயில் பின்பக்கத்தில் தயாராக நின்றது. வெள்ளாங்குளத்தில் கவரேச் எங்கே பிடிக்கும் என்று மரத்தடி மரத்தடியாக நடந்து பார்த்துவிட்டுத்தான் யாருக்கும் வாக்குக் கொடுக்க வேண்டும்.

கலியாணத்தன்று, அம்மாவாக மகளோடு நிற்க வேண்டிய நான் கோயிலில் முன்வரிசை மரவாங்கில் மடியில் கொம்பியூட்டரோடு இருந்தேன். பாதருக்குக்கூடச் சிரிப்பு. ஆட்கள் ஏறுகிறார்கள், ஏறுகிறார்கள், பார்ப்பவர்களின் இலக்கம் நிற்கவேயில்லை. கொடி பாதியில் நின்ற இலக்கத்தைத் தாண்டியது. படம் ஓடுகிறது! அதையும் தாண்டி இரண்டு மடங்கு வந்தது. ஓடுகிறது மகன், தண்ணீர் போல ஓடுகிறது! பக்கத்தில் எழுத்து எழுத்தாக வந்து விழுகிறது. “கமராக்காரர் கொஞ்சம் விலத்துங்கோ.” “மாப்பிள்ளை ஏன் சிரிக்கேல்லை?” கனடாவில் இருந்து அத்தை, “பொம்பிளையின்ரை முந்தானை பின்னாலை மடிஞ்சு கிடக்கு, ஒருதரும் பாக்கேல்லையோ?” என்று போட்டா. நான் எழும்பிப் போய், பாதர் பிரசங்கம் வைத்துக்கொண்டிருக்க, இவளின் முந்தானையை இழுத்து விட்டுவிட்டு வந்து இருந்தேன். “இப்ப சரி” என்று உடனே வந்தது. உலகத்தின் மறுகரையில் இருந்துகொண்டு முந்தானை திருத்துகிறா! தாலி கட்டும்போது இவள் தலையைக் குனியவில்லை, கவனித்தாயா? நேரே கமராவைத்தான் பார்த்தாள். எல்லாரும் வெட்கமில்லாத பிள்ளை என்று நினைத்திருப்பார்கள். அவள் உன்னைத்தான் பார்த்தாள். பார்த்துவிட்டு, நீ பார்க்கிறாய் என்று தெரிந்துவிட்டது போல ஒரு தரம் தலையாட்டினாள்.

பிறகு வீட்டுப் பந்தலுக்குக் கமராவைக் கொண்டுவந்தோம். சாப்பாடு, படம் எடுப்பு, கூத்து எல்லாம் நீ பார்த்ததுதான். பின்னேரம் அவளை நானாட்டானுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். வாகனம் திரும்பியதும் சனமும் கலைந்தது. கொம்பியூட்டரிலும் இலக்கம் இறங்கத் தொடங்கியது. லண்டன் போனது, கனடா போனது, முகாமும் கொம்பியூட்டரை மூடிவிட்டது. வெறும் பந்தல், கவிழ்த்து வைத்த கதிரைகள், எச்சில் இலைக்கு வந்த இரண்டு நாய்கள், இதைத்தான் கமரா காட்டிக்கொண்டிருந்தது. நிறுத்துவோம் என்று குனிந்தால், இலக்கம் ஒன்றில் நிற்கிறது. பக்கத்தில் சுவிஸ் கொடி.

அப்பா கமராவைக் கழற்ற வந்தார். “பொறுங்கோ” என்றேன். அவர் திரையைப் பார்த்தார், கமராவிலிருந்து கையை எடுத்தார். காலையில் இருந்து நான் ஒரு வாய் சோறு சாப்பிடவில்லை. உள்ளே போய் ஒரு கோப்பையில் சோறும் மிச்ச இறைச்சிக் கறியும் போட்டுக்கொண்டு வந்து, ஒரு கதிரையை நிமிர்த்தி, கமராவுக்கு நேரே வைத்து இருந்து சாப்பிட்டேன். நான் பேசினாலும் உன் குரல் எனக்குக் கேட்க வழியில்லை. அழுதுகொண்டுதான் சாப்பிட்டேன், அதை நீ பார்த்திருப்பாய். கொஞ்ச நேரத்தில் அப்பாவும் ஒரு கோப்பையோடு வந்து பக்கத்தில் இருந்தார். சாப்பிட்டு முடிந்தும் நாங்கள் எழும்பவில்லை. நீயாக நிறுத்தட்டும் என்று நாங்கள் இருந்தோம். நாங்கள் நிறுத்தட்டும் என்று நீயும் இருந்தாய் போல. மைமலாகி, இருட்டி, முகம் தெரியாமல் போகும் வரை அந்த ஒன்று அப்படியே நின்றது.

நீ அதைப் பற்றி எழுதவில்லை, நானும் இன்றுவரை கேட்கவில்லை. இனியும் கேட்கமாட்டேன். ஆனால் நீ சேர்வர் எடுத்து, வெள்ளாங்குளத்தில் யாருடைய கலியாணத்தையாவது காட்டப் போகிறாய். கலியாணம் முடிந்தது, சனம் போய்விட்டது என்று உன் கூட்டாளிகள் அவசரப்படுவார்கள். இலக்கத்தைப் பார்க்கச் சொல். அதில் ஒரு ஆள் மிஞ்சியிருந்தாலும் கமராவை நிறுத்தவேண்டாம் என்று சொல். அந்த வீட்டில் அம்மா இருந்தால், அவவுக்கு ஒரு கதிரை எடுத்துப் போடச் சொல்.

அம்மா